பைக்கை வெளிநாட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி: பெட்ரோல், பேட்டரி, பெட்டி, பேப்பர்

கேள்வி இதுதான்: 400 சிசி அட்வென்ச்சர் பைக் ஒண்ணை இன்னொரு கண்டத்துக்கு அனுப்பணும், கப்பலா ஃப்ளைட்டானு இன்னும் முடிவு பண்ணல, பெட்ரோலை முழுசா எடுக்கணுமா, பேட்டரியைக் கழட்டணுமா, பெட்டியை நானே செய்யலாமா, வேற என்னெல்லாம் பாக்கணும்.

நான் என் சொந்த பைக்கை மூணு தடவை அனுப்பியிருக்கேன், ரெண்டு தடவை கப்பல், ஒரு தடவை ஃப்ளைட். அது போக நண்பர்களோட பைக்குகளுக்குப் பெட்டி அடிச்சுக் கொடுத்த வகையில இன்னும் கொஞ்சம் அனுபவம் இருக்கு. முதல் தடவை அனுப்பினப்ப நான் பயந்ததெல்லாம் கடலைப் பத்திதான், புயல் வரும், உப்புக்காத்து அடிக்கும், பைக் துருப்புடிச்சு வந்து நிக்கும்னு. ஆனா பைக்குக்கு அடி விழுறது பெரும்பாலும் கோடவுன்லதாங்க, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவர் கையில. அவருக்கு உங்க பைக் அன்னைக்குத் தூக்க வேண்டிய நாப்பதாவது பெட்டி, அவ்வளவுதான். அதனால எல்லா வேலையையும் 'இந்த பைக்கைப் பத்தி ஒண்ணுமே தெரியாத, அவசரத்துல இருக்குற ஒருத்தர் இதைத் தொடப்போறார்'னு மனசுல வச்சுக்கிட்டுப் பண்ணுங்க, பாதி முடிவு தானா வந்துரும்.

முதல்ல எப்படி அனுப்புறதுங்கறதை முடிவு பண்ணிருங்க, ஏன்னா மத்த வேலை எல்லாம் அதைப் பொறுத்துதான் இருக்கு. மூணு வழி இருக்கு. ரோ-ரோனு சொல்ற கார் கப்பல்ல பைக்கை அப்படியே ஓட்டி உள்ள கொண்டுபோய்க் கட்டிருவாங்க, பெட்டி தேவையில்ல, ஆனா சாவியை யாரோ ஒருத்தர் கையில கொடுத்தாகணும், பைக்கோட சைடு பெட்டிகள்ல சாமான் எதுவும் வைக்க விட மாட்டாங்க. ரெண்டாவது கன்டெய்னர். நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரு 20 அடி கன்டெய்னரை எடுத்தா அதுதான் என்னைக் கேட்டா ரொம்ப நல்ல வழி, உள்ள 5.9 மீட்டர் நீளம், 2.35 மீட்டர் அகலம் இருக்கும், பைக்கை உருட்டி ஏத்தி நம்ம கையாலயே கட்டிட்டு கதவைச் சாத்தி சீல் போட்டுரலாம், அதுக்கப்புறம் ஃபோர்க்லிஃப்ட் பைக்கைத் தொடாது. ஆள் சேரலைன்னா உங்க பைக் மட்டும் பெட்டியில போய் அடுத்தவங்க சரக்கோட ஒரே கன்டெய்னர்ல ஏறும், இதை எல்சிஎல்னு சொல்வாங்க. மூணாவது ஃப்ளைட். காசு கூட, ஆனா வாரக்கணக்குல ஆகுறது நாள்கணக்குல முடிஞ்சுரும். பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவுல டேரியன் கேப்னு ரோடே இல்லாத காடு ஒண்ணு இருக்கு, சுமார் 100 கிலோமீட்டர், அமெரிக்கக் கண்டத்தை மேலருந்து கீழ வரைக்கும் ஓட்டுறவங்க எல்லாரும் அங்க வந்து நின்னு இதே கணக்கைத்தான் போட்டுப் பாப்பாங்க.

எல்சிஎல்ல ஒரு விஷயம் கவனிங்க. ஏஜென்ட் முதல்ல சொல்ற கப்பல் கூலி ரொம்ப சல்லிசா இருக்கும், பாத்து ஏமாந்துராதீங்க, போய்ச் சேர்ற துறைமுகத்துல இறக்குகூலி, கோடவுன் கூலி, டெலிவரி ஆர்டர் ஃபீஸ்னு தனித்தனியா வரும், அது எல்லாம் சேர்ந்தா கப்பல் கூலியையே தாண்டும். அதனால 'பைக் என் கைக்கு வர்ற வரைக்கும் மொத்தம் எவ்வளவு'னு எழுத்துல வாங்காம சரின்னு சொல்லாதீங்க.

இப்ப பெட்டி சைஸ். இதுல ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுறேன், ஏன்னா காசு மிச்சமாகுற இடமே இதுதான். ஃப்ளைட்ல நிஜ எடையையும் பெட்டியோட கொள்ளளவையும் பாத்துட்டு எது பெருசோ அதுக்குதான் காசு வாங்குவாங்க. நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 6000-ஆல வகுத்தா வர்றதுதான் கொள்ளளவு எடை. உங்க பைக்கை ஒண்ணுமே கழட்டாம வச்சா பெட்டி 225 க்கு 95 க்கு 125 ஆகும்னு வைங்க, வகுத்துப் பாத்தா 445 கிலோ வரும், பைக்கும் பெட்டியும் சேர்ந்து நிஜத்துல 230 கிலோதான் இருக்கும். அதே பைக்குல முன் வீலைக் கழட்டி, ஹேண்டில்பாரை இறக்கி, கண்ணாடி, வின்ட்ஸ்கிரீன், சைடு பெட்டி எல்லாத்தையும் எடுத்துட்டா 200 க்கு 80 க்கு 105-க்குள்ள அடக்கிரலாம், அது 280 கிலோ. ஒரு மத்தியான வேலையில 165 கிலோவுக்கான கூலி மிச்சம். கப்பல்ல வேற கணக்கு, ஒரு கன மீட்டரா ஆயிரம் கிலோவானு பாப்பாங்க, பைக்குக்கு எப்பவுமே கன மீட்டர்தான் ஜெயிக்கும், 2.67 கன மீட்டர் 1.68 ஆகும். ரோ-ரோவுக்கும் சொந்தக் கன்டெய்னருக்கும் இந்தக் கழட்டுற வேலை எதுவும் வேணாம், கண்ணாடியை மட்டும் எடுத்து வச்சாப் போதும்.

கழட்டுறதுக்கு முன்னாடி கழுவணும். சும்மா தண்ணி அடிச்சுத் தொடைக்கிற கழுவல் இல்லீங்க, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மாதிரி நாட்டுக்குப் போறதா இருந்தா மண்ணு, விதை, செத்த பூச்சி எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது, இருந்துச்சுன்னா அவங்களே திரும்பக் கழுவிட்டு பில்லை உங்க தலையில கட்டுவாங்க. ஒளிஞ்சு கிடக்குற இடம்னு பாத்தா ரேடியேட்டர் ஓட்டைகள், இன்ஜினுக்கு அடியில இருக்குற தகடோட உள்பக்கம், முன் ஸ்ப்ராக்கெட் மூடி, மட்கார்டோட உள்விளிம்பு, சீட்டுக்கு அடியில. கைக்கண்ணாடியும் டார்ச்சும் வச்சுப் பாருங்க. ரைடிங் பூட்ஸ் அடியையும் சேர்த்துத்தான், டென்ட் ஆணியில ஒட்டியிருக்குற மண்ணு வரைக்கும் கேப்பாங்க. அந்த ரெண்டு நாட்டுலயும் நாத்தப்பூச்சி வகை ஒண்ணு உள்ள வந்துரக் கூடாதுன்னு செப்டம்பர் 1-லருந்து ஏப்ரல் 30 வரைக்கும் சில நாடுகள்லருந்து வர்ற சரக்குக்கு மருந்து அடிக்கிற கட்டாயமும் இருக்கு, தேதி குறிக்கிறப்ப அதையும் கேட்டுக்கோங்க. ரொம்பப் பழைய பைக்கா இருந்தா இன்னொண்ணு, ஆஸ்திரேலியாவுல 2003 கடைசியிலருந்து ஆஸ்பெஸ்டாஸ் இருக்குற பொருளை உள்ள விடுறதில்ல, அந்தக் காலத்து பிரேக் ஷூவுலயும் கேஸ்கெட்லயும் அது இருக்கும்.

கழுவின பைக்கை உடனே மூடாதீங்க, ஒரு அரை மணி நேரம் ஓட்டிட்டு வாங்க, சந்துபொந்துல இருக்குற தண்ணி காயணும். அந்த ஓட்டத்துலயே பெட்ரோலும் குறையும்.

பெட்ரோல் விஷயத்துக்கு வர்றேன். சட்டப்படி பெட்ரோல் வண்டி ஒரு ஆபத்தான சரக்கு, யூஎன் 3166, 9-ம் வகுப்பு. ஃப்ளைட்ல போறதுக்கான ஐஏடிஏ விதி, அதாவது உலக விமானக் கம்பெனிகளோட சங்கம் வச்சிருக்குற விதி, சொல்றது என்னன்னா டேங்கை முடிஞ்ச வரைக்கும் வடிக்கணும், மிச்சம் இருந்தா கால் டேங்கைத் தாண்டக் கூடாது. கப்பல் விதியிலயும் பல இடத்துல அந்தக் கால் டேங்க் அளவுதான் வருது. ஆனா விதி என்ன சொன்னாலும் ஏர்லைனும் கோடவுனும் அதை விடக் கறாரா இருப்பாங்க, சில இடத்துல டேங்க் மூடியைத் திறந்து மோந்தே பாப்பாங்க. அதனால கிட்டத்தட்ட காலியா வைக்கிறதுதான் நல்லது.

எப்படி வடிக்கிறதுன்னா, குழாய் போட்டு உறிஞ்சி கேன்ல எடுத்துட்டு, மிச்சத்துக்கு இன்ஜினை ஓட விட்டு அது இருமி நிக்கிற வரைக்கும் பாக்கலாம். ஆனா இன்ஜெக்‌ஷன் பைக்கா இருந்தா நின்னதுக்கப்புறம் திரும்பத் திரும்ப செல்ஃப் அடிச்சு ஓட்டப் பாக்காதீங்க, டேங்குக்குள்ள இருக்குற பம்ப்பைக் குளிர வைக்கிறதே அந்தப் பெட்ரோல்தான், காஞ்ச பம்ப்பை ஓட்டினா அதோட ஆயுசு போயிரும். கார்புரேட்டர் பைக்னா அடியில கிண்ணத்துல இருக்குற ஸ்குரூவைத் திறந்து வடிச்சுருங்க, இல்லைன்னா ரெண்டு மாசத்துல அது பிசின் மாதிரி ஆகி ஜெட்டை அடைச்சுக்கும். வடிச்சு முடிச்ச பிறகு வெட்டவெளியில கொஞ்ச நேரம் மூடியைத் திறந்து வைங்க. பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனம், கீழ போய்த்தான் தேங்கும், மூடின ரூம்ல பண்ணா தரையோட ஓரத்துல படுத்துக்கிட்டு ஒரு தீப்பொறிக்காகக் காத்துக்கிட்டு இருக்கும், அந்த ரூம்லயே கிரைண்டர் போட்டு பெட்டிக்கு இரும்பு வெட்டுற ஆளை நான் பாத்திருக்கேன், கத்தி நிறுத்த வேண்டியதாப் போச்சு.

டேங்க் காலியா இருந்தா உள்ள துருப்பிடிக்காதானு கேப்பீங்க. பிளாஸ்டிக் டேங்க்னா கவலையே இல்ல. இரும்பு டேங்க்னா உள்ள லேசா ஆயில் ஸ்பிரே அடிச்சுட்டு மூடுங்க, போற இடத்துல முதல்ல கொஞ்சம் பெட்ரோல் ஊத்தி அலசிக் கொட்டிட்டுப் புதுசா ஊத்திக்கலாம்.

பேட்டரி. சாதாரண லெட் ஆசிட், ஏஜிஎம் பேட்டரின்னா பைக்கிலயே அதோட இடத்துல இறுக்கமா இருக்கட்டும், வெளிய எடுத்துத் தனியாப் போட்டீங்கன்னா அது இன்னொரு ஆபத்தான சரக்கா மாறிரும், வேற நம்பர், வேற பேப்பர், வேற காசு. அனுப்புறதுக்கு முன்னாடி ஃபுல் சார்ஜ் ஏத்திட்டு நெகடிவ் ஒயரைக் கழட்டி, கழட்டின முனை, பேட்டரி முனை ரெண்டையும் இன்சுலேஷன் டேப் சுத்தி தள்ளிக் கட்டிருங்க. எப்பவும் முதல்ல நெகடிவ், அதுக்கப்புறம்தான் பாசிடிவ், மாத்திப் பண்ணா ஸ்பேனர் ஃபிரேம்ல பட்ட நிமிஷம் வெல்டிங் மாதிரி பொறி பறக்கும். ரோ-ரோவுக்கு மட்டும் கழட்டாதீங்க, அவங்க ஸ்டார்ட் பண்ணி ஓட்டணும். லித்தியம் பேட்டரி மாத்தியிருந்தீங்கன்னா ஏஜென்ட்கிட்ட மறைக்காம முன்கூட்டியே சொல்லிருங்க. அதைத் தனியாக் கழட்டி அனுப்பலாம்னு நினைச்சுராதீங்க, தனி லித்தியம் அயன் பேட்டரியைப் பயணி விமானத்துல சரக்கா ஏத்தவே கூடாது, சரக்கு விமானத்துலயும் 30 சதவீதத்துக்கு மேல சார்ஜ் இருக்கக் கூடாதுன்னு இருக்கு.

இதை விட நிறைய பேர் மாட்டிக்கிறது வேற இடத்துல. சைடு பெட்டியில கிடக்குற செயின் லூப் ஸ்பிரே, பஞ்சருக்கு வச்சிருக்குற காத்து சிலிண்டர், அடுப்பு கேஸ், பவர் பேங்க், லைட்டர். எல்லாமே தனித்தனி ஆபத்தான சரக்கு. என் நண்பர் ஒருத்தர் சீட்டுக்கு அடியில டூல்கிட்டோட அரை டப்பா செயின் ஸ்பிரேயை மறந்து வச்சுட்டார், எக்ஸ்ரேயில தெரிஞ்சுருச்சு, பெட்டியைத் திருப்பி இறக்கி பிரிச்சு எடுத்து மறுபடி மூடி அடுத்த ஃப்ளைட்டுக்குக் காத்திருந்து நாலு நாள் போச்சு, எல்லாம் பாதி தீந்துபோன ஒரு டப்பாவுக்காக.

கழட்டுற வேலையில மூணு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க, நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். முன் வீலைக் கழட்டினதும் டிஸ்க்கைப் புடிக்கிற பிரேக் காலிப்பரோட ரெண்டு பேடுக்கும் நடுவுல ஒரு மரத்துண்டோ மடிச்ச அட்டையோ செருகி வைங்க, இல்லைன்னா வழியில யார் கையோ பிரேக் லீவரை அமுக்கிச்சுன்னா பிஸ்டன் வெளிய வந்துரும், போய் இறங்கின இடத்துல டிஸ்க் உள்ள நுழையாது. ரெண்டாவது, ஹேண்டில்பாரைக் கழட்டித் தொங்க விடுறப்ப பிரேக் ஆயில் டப்பா நிமிர்ந்தே இருக்கணும். நான் முதல் தடவை எடம் பத்தலன்னு ஹேண்டிலைத் திருப்பிப் போட்டு டேங்க் மேல கட்டினேன், ஆயில் டப்பா தலைகீழாப் போச்சு, அஞ்சு வாரம் கழிச்சுப் பெட்டியைப் பிரிச்சா லீவர் பஞ்சு மாதிரி உள்ள போகுது, லைன் முழுக்கக் காத்து. தெரியாத ஊர்ல வெயில்ல உக்காந்து ப்ளீட் பண்ணி அந்தக் காத்தை வெளிய எடுத்துக்கிட்டு இருந்தேன். மூணாவது, ஆக்ஸில், ஸ்பேசர், போல்டு எல்லாத்தையும் அதது இருந்த இடத்துலயே திரும்ப மாட்டி வச்சுருங்க, முடியாததை மட்டும் கவர்ல போட்டுப் பேர் எழுதி ஃபிரேம்ல கட்டுங்க. கழட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் ஃபோட்டோ எடுத்துக்கோங்க, இடதுபக்க ஸ்பேசர் எது வலதுபக்கம் எதுன்னு ஒரு மாசம் கழிச்சு சத்தியமா ஞாபகம் இருக்காது.

பெட்டியை நீங்களே செய்யலாம். ஆனா அதுக்கு முன்னாடி பைக் ஷோரூம் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்க, புது வண்டி வர்ற இரும்பு ஃபிரேமைத் தூக்கிப் போடத்தான் வச்சிருப்பாங்க, அது கிடைச்சா பாதி வேலை முடிஞ்சது. மரத்துல செஞ்சா ஐஎஸ்பிஎம் 15-ங்கற விதி இருக்கு, மரத்துல ஒளிஞ்சு பூச்சி நாடு விட்டு நாடு போகாம இருக்குறதுக்கான சர்வதேச விதி, மரத்தோட நடு வரைக்கும் 56 டிகிரி சூடு ஏறி 30 நிமிஷம் நிக்கணும், அப்படிப் பண்ண மரத்துல கோதுமைக்கதிர் படத்தோட எச்டினு முத்திரை குத்தியிருப்பாங்க. முத்திரை இல்லாத பச்சை மரத்துல அழகா பெட்டி செஞ்சு அனுப்பினா போற இடத்துல மருந்து அடிப்பாங்க, எரிப்பாங்க, இல்ல திருப்பி அனுப்புவாங்க. பிளைவுட்டுக்கு இந்த விதி கிடையாது. ஆனா பிளைவுட் பெட்டிக்கு அடியில தாங்குறதுக்குன்னு சாதா மரக்கட்டை நாலு வைப்பாங்க பாருங்க, அதுக்கு முத்திரை வேணும், இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறது.

அந்த அடிக்கட்டை கண்டிப்பா வேணும், 10 சென்டிமீட்டர் உயரமாவது இருக்கணும், ஃபோர்க்லிஃப்ட்டோட கை உள்ள போக வழி இல்லைன்னா அவர் பெட்டியோட வயித்துலயே குத்தித் தூக்குவார். ஆணி அடிக்காதீங்க, ஸ்குரூ போடுங்க. கஸ்டம்ஸ்காரங்க பிரிச்சுப் பாத்துட்டு மூடணும்ல, ஆணின்னா கடப்பாரையைப் போட்டு நெம்புவாங்க, நெம்புற இடத்துல உங்க சைலன்சர் இருக்கும். மேல தட்டையா விட்டா அதுக்கு மேல இன்னொருத்தர் சரக்கு ஏறும், அதனால மேல் மூலைகள்லருந்து தரை வரைக்கும் கனமான கால் இருக்கணும், பைக் மேல பாரம் இறங்கவே கூடாது. 'மேல ஏத்தாதே'னு ஸ்டிக்கர் ஒட்டுறது நம்ம ஆசைக்கு ஒட்டிக்கலாம்.

இனி கட்டுறது. இதுல ரெண்டு கட்சி இருக்கு. ஒரு கட்சி ஷாக்கை அமுக்கிக் கட்டணும்னு சொல்லும், இன்னொரு கட்சி ஷாக் ஆடினாலும் பரவால்ல, வீலையும் ஆக்ஸிலையும் கட்டுன்னு சொல்லும். நான் முதல் கட்சி, ஆனா அளவோட. ஸ்பிரிங்கைப் பாதி வரைக்கும் அமுக்கி நாலு மூலைக்கும் கட்டினா ஸ்ட்ராப் வழியில கொஞ்சம் தளர்ந்தாலும் அந்தத் தளர்ச்சியை ஸ்பிரிங் மேல தள்ளி ஈடுகட்டிரும், அதுதான் இதுல இருக்குற சூட்சுமம். முழுசா அடி வரைக்கும் அமுக்கினா ஆயில் சீல் வாரக்கணக்குல அழுத்தத்துல நின்னு கசிய ஆரம்பிச்சுரும். முன் வீல் மாட்டியே அனுப்புறீங்கன்னா டயருக்கும் மட்கார்டு அடியில இருக்குற கிளாம்புக்கும் நடுவுல ஒரு மரக்கட்டையை வச்சுட்டு இறுக்குங்க, ஒரு அளவுக்கு மேல இறுக்கணும்னாலும் முடியாது. வீலைக் கழட்டிட்டீங்கன்னா ஃபோர்க்கோட அடியில ஆக்ஸில் போற ஓட்டையிலயே ஒரு இரும்பு ராடு போட்டு அதைப் பெட்டித் தரையோட பிணைச்சுருங்க. டயர்ல காத்தை இறக்காதீங்க, டயர் மெத்துன்னு இருந்தா பைக் ஒரு விரக்கட்டை இறங்கும், ஸ்ட்ராப் தொளதொளன்னு ஆயிரும்.

ஸ்ட்ராப் பாலியெஸ்டரா பாத்து வாங்குங்க, நைலான் நனைஞ்சா நீளும். முன்பக்கம் ஹேண்டில்பார்ல கட்டாதீங்க, அது சுத்தும், வளையும். ஃபோர்க்கைப் புடிச்சிருக்குற கீழ் கிளாம்புல துணி லூப் போட்டு அதுல கொக்கியை மாட்டுங்க. பிரேக் ஹோஸும் ஒயரும் ஸ்ட்ராப்புக்கு அடியில மாட்டாம பாத்துக்கோங்க. பெயின்ட் மேல ஸ்ட்ராப் படுற இடத்துல எல்லாம் துணி வைங்க, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அதிர்ந்துக்கிட்டே போறப்ப சாதா நாடாவே உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். சைடு ஸ்டாண்டுல சாய்ச்சு விட்டுக் கட்டவே கட்டாதீங்க, பைக் நேரா நிக்கணும், கியர்ல இருக்கணும். எல்லாம் முடிஞ்சதும் பின்சீட்டைப் புடிச்சு உலுக்கிப் பாருங்க, பைக் மட்டும் ஆடினா தப்பு, பெட்டியே சேர்ந்து ஆடணும். அன்னைக்கே மூடாம ஒரு ராத்திரி விட்டுட்டு மறுநாள் திரும்ப இறுக்குங்க, ஸ்ட்ராப்பை இறுக்குற ராட்செட் நிச்சயமா ரெண்டு பல்லாவது கூட ஏறும்.

துரு பத்தி. கடல் தண்ணி உள்ள வர்றதை விட கன்டெய்னருக்குள்ளயே மழை பெய்யுறதுதான் நிஜப் பிரச்சனை. பகல்ல வெயில்ல உள்ள இருக்குற காத்து சூடாகி ஈரத்தை வாங்கிக்கும், ராத்திரி இரும்புக்கூரை குளிர்ந்ததும் அந்த ஈரம் கூரையில முத்து முத்தா கோத்து சொட்டும். அதுக்கு கால்சியம் குளோரைடு இருக்குற ஈரம் உறிஞ்சுற பைகளைப் பெட்டிக்குள்ள தொங்க விடுங்க. பைக்கை பிளாஸ்டிக் பேப்பர் போட்டு இறுக்கிச் சுத்தாதீங்க, பாக்க பத்திரமா தெரியும், ஆனா ஈரம் உள்ளயே மாட்டிக்கிட்டு வேகும். மூச்சு விடுற துணி கவர் போதும். வெறும் இரும்பு, போல்டு தலை, செயின், ஸ்போக் எல்லாத்துலயும் துருத்தடுப்பு ஆயில் அடிங்க, டிஸ்க்லயும் டயர்லயும் மட்டும் ஒரு சொட்டு படக் கூடாது. சைலன்சர் வாயில ஒரு துணியைச் செருகி அதுல கண்ணுல படுற மாதிரி சிவப்பு நாடா கட்டிருங்க, பின்ன அதோடயே ஸ்டார்ட் பண்ணுவீங்க.

பேப்பர் சமாச்சாரம் ஒவ்வொரு நாட்டுக்கும் வேற வேற, அதனால எல்லாருக்கும் பொருந்துறதை மட்டும் சொல்றேன். ஒரிஜினல் ஆர்சி, பாஸ்போர்ட், மதிப்பு போட்ட இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஆபத்தான சரக்குக்கான டிக்ளரேஷன். கொஞ்ச நாள் ஓட்டிட்டுத் திரும்பக் கொண்டு வர்றதா இருந்தா பாகிஸ்தான், ஈரான், எகிப்து மாதிரி நாடுகள்ல கார்னே கேக்கும், வண்டியைத் திரும்ப வெளிய கொண்டு போயிருவோம்னு கஸ்டம்ஸுக்குக் கொடுக்குற உத்தரவாதப் பத்திரம்தான் அது, ஒரு வருஷம் செல்லும், ஆட்டோமொபைல் கிளப் மூலமா டெபாசிட் கட்டி வாங்கணும். வெளிய வர்றப்ப வெளியேறின முத்திரை குத்துனாங்களானு நின்னு பாத்துட்டு வாங்க, அது இல்லைன்னா டெபாசிட்டுக்குப் போராடணும்.

இதுல என்னைக் கடிச்சது சேஸிஸ் நம்பர். அது 17 எழுத்து, ஒண்ணு, சைபர் எண்களோட குழம்பும்ங்கறதுக்காகவே அதுல ஐ, ஓ, க்யூ மூணு ஆங்கில எழுத்தும் வரவே வராது. ஆனா டைப் அடிக்கிறவருக்கு அது தெரியணும்ல. என் பில் ஆஃப் லேடிங்ல, அதாவது சரக்கை ஏத்தினதுக்குக் கப்பல் கம்பெனி கொடுக்குற பத்திரத்துல, சைபருக்குப் பதிலா ஓ அடிச்சுட்டாங்க, நான் டிராஃப்ட் அனுப்பினப்ப மேலோட்டமா பாத்துட்டு ஓகே சொல்லிட்டேன், போன இடத்துல கஸ்டம்ஸ் அதிகாரி ஃபிரேமையும் பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு இது வேற பைக்குன்னுட்டார். அவர் மேல தப்பு சொல்லவே முடியாது. திருத்தின பேப்பர் வர்ற வரைக்கும் கோடவுன் வாடகை தினமும் ஏறிக்கிட்டே இருந்துச்சு. அதனால டிராஃப்ட் வந்ததும் ஆர்சியைப் பாத்து சரிபாக்காதீங்க, பைக் பக்கத்துல போய் உக்காந்து ஃபிரேம்ல குத்தியிருக்குற நம்பரைப் பாத்து ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சுப் படிங்க. இன்ஜின் நம்பரையும் அப்படியே.

இன்சூரன்ஸ் போட்டுக்கோங்க, சரக்கைக் கொண்டு போற கம்பெனியோட பொறுப்பை நம்பாதீங்க. பல நாடுகள் ஏத்துக்கிட்ட ஹேக்-விஸ்பி விதிப்படி கப்பல் கம்பெனியோட பொறுப்பு ஒரு பொதிக்கு 666.67 எஸ்டிஆர் இல்லைன்னா கிலோவுக்கு 2 எஸ்டிஆர், எது அதிகமோ அது (எஸ்டிஆர்ங்கறது ஐஎம்எஃப் வச்சிருக்குற ஒரு கணக்குப் பண அளவு), 200 கிலோ பைக்குக்கு அதை வச்சு ஒரு நல்ல ஃபோர்க் கூட வாங்க முடியாது. பாலிசியில ஏ, பி, சினு மூணு கிளாஸ் இருக்கும், ஏ தான் விரிவானது, பழைய வண்டிக்கு நிறைய பேர் 'மொத்தமா போனாத்தான் காசு'ங்கற வகையைத்தான் கொடுப்பாங்க, படிச்சுப் பாத்து வாங்குங்க. இன்னொரு காரணமும் இருக்கு. 2021 மார்ச்ல எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில ஆறு நாள் மாட்டுச்சு இல்லையா, அதுக்கப்புறம் ஜெனரல் ஆவரேஜ் அறிவிச்சாங்க, அதாவது கப்பலை மீட்ட செலவை சரக்கு வச்சிருந்த எல்லாரும் பங்கு போட்டுக்கணும். பங்குக்கு ஜாமீன் கொடுத்தாத்தான் சரக்கை விடுவாங்க, இன்சூரன்ஸ் இருந்தா அந்த ஜாமீனை அவங்க பாத்துப்பாங்க. மூடுறதுக்கு முன்னாடி பைக்கை சுத்தி சுத்தி ஃபோட்டோ எடுங்க, ஓடோமீட்டர், ஏற்கனவே இருக்குற கீறல், கட்டின விதம், மூடின பெட்டியோட ஆறு பக்கமும்.

பெட்டியைப் பிரிக்கிற டூல்ஸ் பெட்டிக்குள்ள இருக்கக் கூடாது, சிரிக்காதீங்க, பண்ணியிருக்காங்க. ஸ்குரூ பிட், வீல் மாட்ட வேண்டிய ஆலன் கீ, ரெண்டாவது சாவி எல்லாம் உங்க பையில வரட்டும்.

போய் எடுக்குறப்ப பிரிச்சுப் பாக்குறதுக்கு முன்னாடி எங்கயும் கையெழுத்து போடாதீங்க. பெட்டி உடைஞ்சிருந்தா டெலிவரி ரசீதுலயே அதை எழுதிட்டுப் போடுங்க. வெளிய தெரியாத சேதம்னா கப்பலுக்கு மூணு நாளுக்குள்ள, ஃப்ளைட்டுக்கு மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 14 நாளுக்குள்ள எழுத்துல சொல்லணும். ஒரு காலி கேனைக் கையோட கொண்டு போங்க, டேங்க்ல ஒண்ணும் இருக்காது, பக்கத்துல பங்க் இருக்கும்னு நிச்சயம் இல்ல. ஸ்ட்ராப்பை ஒரே பக்கமா அவுக்காதீங்க, பைக் மறுபக்கம் சாஞ்சு பெட்டித் தூண்ல இடிக்கும், ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா தளர்த்துங்க, கூட ஒரு ஆள் புடிச்சுக்கட்டும். வீலை மாட்டினதும் ஓட்டுறதுக்கு முன்னாடியே லீவரை நாலஞ்சு தடவை அமுக்கி பேடை டிஸ்க்கோட சேர்த்துருங்க, முதல் அமுக்கு எப்பவும் வெறுமனே போகும், அதை ரோட்டுல கண்டுபிடிக்க வேணாம். பேட்டரிக்கு நெகடிவ் கடைசியா. ஃபோர்க் ராடுல விரலால தடவி ஆயில் இருக்கானு பாருங்க.

கடைசியா ஒண்ணு, பெட்டி மரத்தை என்ன பண்றதுன்னு முன்னாடியே கோடவுன்ல கேட்டு வச்சுக்கோங்க. எனக்கு ஒரு தடவை பைக்கை எடுத்துட்டுக் கிளம்புறப்ப கேட்ல நிறுத்தி, உங்க பலகை எல்லாம் உள்ள கிடக்கு, அப்புறப்படுத்த கூலி கட்டிட்டுப் போங்கன்னாங்க. அடுத்த தடவையிலருந்து பெட்டியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே அங்க வேலை பாக்குறவங்ககிட்ட 'மரம் யாருக்காவது வேணுமா'னு கேட்டுருவேன், நல்ல பிளைவுட்டுங்கறதால எப்பவும் யாராவது ஒருத்தர் வந்துருவார், ஸ்குரூ கழட்டவும் அவரே ஒரு கை கொடுப்பார்.